வம்சப்படம்

முப்பத்திரண்டு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மனுஷர், ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று ஆஸ்பத்திரியில் எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் கையை நீட்டுகிறவர், நோயையே வேரோடு பிடுங்குகிற வைத்தியம் வந்துவிட்டது என்றபோது மட்டும் மாட்டேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் வைத்த பாலை மறந்தேன். பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. அதற்கும் சேர்த்து அவரைத்தான் திட்டினேன்.

என் பெயர் கோகிலவாணி. கரூரில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்து போன வருஷம், 2038இல், ஓய்வு பெற்றேன். மேசை மேல் போர்வை ஓடும். இழை விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துக் குறை உள்ள இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். என் கண்ணுக்குத் தப்பி ஒரு குறைகூடக் கப்பல் ஏறியதில்லை என்று மேனேஜர் சொல்லுவார். அந்த மெதப்பில் ஆயுசில் பாதியை ஓட்டியவள் நான். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து பஸ் பாடி கட்டும் பட்டறையில் எழுத்து எழுதுகிறவர். கரூரில் ஓடுகிற தனியார் பஸ்களில் பாதிக்கு அவர்தான் பெயர் வைத்த அப்பா மாதிரி பேசுவார்.

எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. எனக்கு என் முதல் புருஷன் கொடுத்தது. கொடுத்தான் என்பதே அவன் செத்த பிறகுதான் தெரிந்தது. இவர் கதை வேறு. ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு கவர் வந்தது. அண்ணன்காரர் பிரித்துப் படித்துவிட்டார். அன்றைக்கே தட்டு தனி, பாய் தனி. ஒரு வாரத்தில் வீடே தனி. எப்படி வந்தது என்று நான் கேட்டால், "யாருக்குத் தெரியும், எங்கேயோ சவரம் பண்ணின எடத்துல இருக்கும்" என்பார். சவரத்தில் இதெல்லாம் சுலபத்தில் வராது என்று எனக்குத் தெரியும். போகட்டும், பழைய கதையைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

2007இல் தொற்றுள்ளோர் சங்கத்தில் நடந்த வரன் சந்திப்பில்தான் அவரைப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை மண்டபம் பிடித்து நடத்துவார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். ஜாதகத்துக்குப் பதில் எல்லார் கையிலும் ரிப்போர்ட். நட்சத்திரம் கேட்கிற மாதிரி சிடி4 எண்ணிக்கை கேட்பார்கள். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற செல் எத்தனை மிச்சம் இருக்கிறது என்கிற கணக்கு அது. முன்னூறு இருந்தால் சுமார் மாப்பிள்ளை, ஐந்நூறு இருந்தால் நல்ல வரன். இவருக்குத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. மைக்கில் அதைச் சொன்னதும் பெண்கள் பக்கமே சிரித்துக்கொண்டு கை தட்டியது. ஏற்கெனவே எனக்கு நிச்சயமானவர் மாதிரி எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

இந்த வைத்தியத்துக்கு அவர் மறுத்ததுதான் எனக்குப் புரியவில்லை. திருச்சியில் புதிதாகத் திறந்திருந்த ஆராய்ச்சி மையத்துக்கு முதல் தடவை போனபோதுகூட ஆசையாகத்தான் வந்தார். டாக்டர் நஸ்ரின் சின்னப் பெண், எங்கள் மகள் மகிழினி வயதுதான் இருக்கும். எங்களுக்கு டீ வரவழைத்து, பொறுமையாகச் சொன்னார்.

"ரத்தத்துல வைரஸே தெரியலைன்னு இருபது வருஷமா ரிப்போர்ட் தர்றீங்க. அப்புறம் எங்கேதான் இருக்கு டாக்டர் அது?" என்று நான்தான் கேட்டேன்.

"தூங்குதும்மா."

"எங்கே?"

"உங்க செல்லுக்குள்ளேயே. இந்த வைரஸ் உடம்புக்குள்ள வந்ததும் நேரா சிடி4 செல்லைத்தான் தேடிப் போகும். அந்தச் செல்லோட மேல்தோல்ல கைப்பிடி மாதிரி ஒண்ணு இருக்கும். அதைப் பிடிச்சு ஒட்டிக்கிட்டு உள்ள போயிடும். போனதும், தான் கொண்டுவந்த குறிப்பை நம்ம செல்லோட பாஷைக்கு மாத்தி, நம்ம மரபணுவோடயே சேர்த்துத் தைச்சிடும். அப்புறம் எது தன்னோடது, எது வெளியேருந்து வந்ததுன்னு அந்தச் செல்லுக்கே தெரியாது. வைரஸைத் தயாரிச்சுத் தயாரிச்சு ஓஞ்சு செத்துப்போகும்."

"தறியில பாவு நூலோட இன்னொரு நூலைச் சேர்த்து நெய்துட்ட மாதிரி," என்றேன். "உருவினா துணியே கிழியும்."

"கரெக்ட். நான் இனிமே எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லப்போறேன்." டாக்டர் சிரித்தார். "ஆனா எல்லாச் செல்லும் சாகாது. பழைய நோய்களை ஞாபகம் வச்சுக்கிற செல்னு சிலது உண்டு. சின்ன வயசுல அம்மை வந்திருந்தா அதை இன்னிக்கும் மறக்காம வச்சிருக்கிறது அதுங்கதான். அதுங்க வேலை முடிஞ்சா ஓய்வுக்குப் போயிடும். உள்ள போன வைரஸும் அதோட சேர்ந்து சத்தமில்லாம படுத்துக்கும். மாத்திரை முழிச்சிருக்கிற வைரஸைத்தான் தடுக்கும். தூங்குறதை ஒண்ணும் பண்ணாது. மாத்திரையை நிறுத்திப் பாருங்க, சில வாரத்துல எங்கேயோ ஒரு செல் முழிக்கும். மறுபடி முதல்லேருந்து ஆரம்பம்."

"எத்தனை வருஷம் டாக்டர் தூங்கும்?" இவர் கேட்டார்.

"நாம இருக்கிற வரைக்கும் ஐயா."

புது வைத்தியம் இதுதான். முதல் ஊசி, தூங்குகிற எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். இரண்டாவது ஊசி, எழுந்ததை ஒன்று விடாமல் தேடிக் கொல்லும். இரண்டாவது ஊசியை ஒவ்வொருவருக்கும் தனியாகத் தயாரிக்க வேண்டும். அதற்கு முதலில் உடம்பில் தூங்குகிற வைரஸ்களை எல்லாம் எழுத்து எழுத்தாகப் படித்து, எது எதன் வாரிசு என்று ஒரு மரம் வரைவார்கள்.

"வம்சப்படம்னு சொல்லுவோம். முழிச்சிருக்கிற வைரஸ் மாறிக்கிட்டே இருக்கும். தூங்கப் போனது, போன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். அதனால எந்த வைரஸ் எந்த வருஷம் வந்துச்சு, யார்கிட்டேருந்து வந்துச்சுன்னுகூட ஓரளவுக்குத் தெரிஞ்சிடும். கணவன் மனைவியா இருந்தா ஒருத்தரோடது இன்னொருத்தர்கிட்ட கலந்திருக்கும். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் ஊசியே தயாரிக்க முடியும். அதனால ஜோடியா ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் எடுத்துப்போம்." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "இதனால இங்க குடும்பச் சண்டையும் வருது. பொய் சொல்லி மறைச்சதெல்லாம் வெளியே வருதுல்ல. போன மாசம் ஒரு வீட்ல அக்கா புருஷன், தங்கச்சின்னு போச்சு. அதான் கேட்ல ஒரு போலீஸ்காரரை உக்கார வச்சிருக்கோம்" என்றார்.

இவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சொன்னார், எனக்கு வேணாம் புள்ள, நீ மட்டும் பண்ணிக்கோ.

"நான் மட்டும் பண்ண முடியாதுன்னுதானே அந்தப் பொண்ணு தமிழ்ல சொல்லுச்சு?"

"வயசான காலத்துல எதுக்கு? ஒரு மாத்திரைதானே. பழகிப்போச்சு."

"அறுபத்து மூணு ஒரு வயசா? பஸ் மேல ஏறி நின்னு எழுதறப்ப தெரியலையா வயசு?"

இரண்டு வாரம் இதே பாட்டு. பட்டறையில் ஆள் இல்லை என்றார். ஊசியால் உடம்பின் பழைய ஞாபகமெல்லாம் அழிந்து, பச்சைக் குழந்தை மாதிரி தடுப்பூசி எல்லாம் மறுபடி போட வேண்டுமாமே என்றார். எனக்கு மெல்ல ஒரு சந்தேகம் முளைத்தது. ஒரு நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டே விட்டேன்.

"எவளாவது இருந்தாளா?"

"என்னது?"

"அந்தப் படத்துல எவளாவது வந்து நிக்கப்போறாளா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. முப்பது வருஷத்துக்கு முந்தின கதைக்கெல்லாம் நான் சண்டை போட மாட்டேன். ரெண்டு நாள் பேச மாட்டேன், அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சிரிப்பா அழுகையா என்றே சொல்ல முடியாது. "உன்னைத் தவிர எவ என்னைச் சீண்டுவா?" என்று சொல்லிவிட்டு அரைத் தோசையோடு எழுந்து போய்விட்டார்.

நானும் யோக்கியம் இல்லை. அவரிடம் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தேன். இத்தனை வருஷ மாத்திரையில் என் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. எச்.ஐ.வி. போய் மாத்திரையும் நின்றால் ஐந்து வருஷம், பத்து வருஷம் தாங்கும். இல்லாவிட்டால் அடுத்த தீபாவளிக்குள் டயாலிசிஸ் என்று சொல்லியிருந்தார்கள். பயந்துபோவார் என்று சொல்லாமல் இருந்தேன். ரேஷன் கார்டு தேடப் போனவர் பீரோவில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டார்.

அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, திருச்சிக்குப் போலாம்" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து குளித்தலை வரைக்கும் எதிரே வந்த பஸ்களின் பெயரையே படித்துக்கொண்டு வந்தார். அப்புறம் என் கையைப் பிடித்து, "கோகிலா, அந்தப் படத்துல என்ன வந்தாலும் நீ ஊசி போட்டுக்கணும். சத்தியம் பண்ணு" என்றார். எவளோ இருக்கிறாள் என்றே முடிவு செய்தேன். இருந்துவிட்டுப் போகட்டும், மனுஷர் இப்படிப் பயப்படுகிறாரே என்று பாவமாகவும் இருந்தது. சத்தியம் செய்தேன்.

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள், கழுத்தில் நெறிகட்டுகிற இடத்தில் ஊசி விட்டுச் சின்னத் துணுக்கு எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். டாக்டர் நஸ்ரின் அன்றைக்கு டீ சொல்லவில்லை. சுவரில் இரண்டு மரம் ஒளிர்ந்தது, இடது பக்கம் என்னுடையது, வலது பக்கம் அவருடையது.

"ஊசி தயாரிக்கலாம். அதுல ஒரு சிக்கலும் இல்ல," என்று ஆரம்பித்தார். "ரெண்டு பேர் படத்தையும் சேர்ந்து பார்க்கச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்பவும் வேணாம்னா மூடிடலாம்."

"காட்டுங்க," என்றேன். இவர் தலை நிமிரவில்லை.

"ஐயாவோட மரம் முழுக்க உங்க மரத்தோட ஒரு கிளைம்மா."

"இருக்கத்தானே செய்யும்? புருஷன் பொண்டாட்டி."

"கொஞ்சம் கலந்திருந்தா அது சரி. இங்க கலப்பு இல்ல. இவர் உடம்புல தூங்குற அத்தனையும் உங்ககிட்டேருந்து போனது. வேற எதுவுமே இல்ல."

"அப்போ இவரோட சொந்த வைரஸ்? கல்யாணத்துக்கு முன்னாடி வந்தது?"

டாக்டர் இவரைப் பார்த்தார். "அப்படி ஒண்ணு இருந்திருந்தா அதோட தடம் எங்கேயாவது தூங்கிக்கிட்டு இருக்கணும். மூணு தடவை படிச்சுப் பார்த்துட்டோம்."

என் மூளைக்கு இது ஏறவே இல்லை. எந்த வருஷம் என்று கேட்டேன். இரண்டாயிரத்து ஒன்பது நடுவில், ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே இருக்கலாம் என்றார். மகிழினி பிறந்தது 2010 ஏப்ரலில், மருந்து கொடுத்ததில் அவளுக்குத் தொற்றவில்லை. கணக்குப் போட எனக்கு விரல்கூடத் தேவைப்படவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆணுறை இல்லாமல் நாங்கள் சேர்ந்ததில்லை. இரண்டு பேர் வைரஸும் கலக்கக் கூடாது என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். குழந்தை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான்.

"என்னங்க இது?" என்றேன்.

"எனக்கு இருந்ததே இல்ல கோகிலா."

ரத்ததான முகாமில் குழாய் மேல் ஒட்டின சீட்டு மாறிப்போயிருந்திருக்கிறது. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ரத்த வங்கியில் கூப்பிட்டு, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, மன்னித்துக்கொள் தம்பி, உனக்கு ஒன்றுமில்லை என்று புது ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். சங்கத்திலோ, எங்கள் ஆஸ்பத்திரியிலோ யாருக்கும் தெரியாது. பழைய ரிப்போர்ட்டிலேயே பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் புது ரிப்போர்ட்டைக் குடுத்ததும் என்ன பண்ணினீங்க?"

"சந்தோஷப்பட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் உன் மொகம் ஞாபகம் வந்துச்சு. மண்டபத்துல எல்லார் முன்னாடியும் சொன்னியே, இது இல்லாத ஆளைக் கட்டிக்க மாட்டேன், அந்தப் பாவம் எனக்கு வேணாம்னு. சொன்னா நீ என்னைத் தொரத்திடுவ."

"பின்னே? தொரத்தாம?"

"அதான் சொல்லல."

"சரி, கட்டிக்கிட்டீங்க. அதோட நிக்க வேண்டியதுதானே? நான் குழந்தை கேட்டப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

"எனக்கும் ஆசையா இருந்துச்சு." அறுபத்து மூன்று வயது ஆள் திருட்டு முழி முழித்துக்கொண்டு சொன்னார். "நீ குடுக்கல புள்ள. நானா எடுத்துக்கிட்டது."

"யோவ்! எடுத்துக்கறதுக்கு அது என்ன பந்தியில வச்ச அப்பளமா?"

முப்பத்திரண்டு வருஷத்தில் அவரை யோவ் என்றது அதுதான் முதல் தடவை. டாக்டர் எழுந்து வெளியே போகப் பார்த்தார், நான் உட்காரச் சொன்னேன். எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது.

"மொதல் கட்டினவன் எனக்குத் தெரியாம எனக்குக் குடுத்தான். நீங்க எனக்குத் தெரியாம என்கிட்டேருந்து வாங்கியிருக்கீங்க. ரெண்டு தடவையும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அவன் மாதிரி நான் ஒருத்தருக்கு இதைக் குடுத்துடக் கூடாதுன்னுதானே அந்த மண்டபத்துக்கே வந்தேன்? என்னை அவனாவே ஆக்கி வச்சிட்டீங்களே!"

அவர் அழுதார். நான் அழவில்லை, அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று பயம்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "இப்போன்னா உங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்லம்மா. தெரிஞ்ச அன்னிக்கே மாத்திரை தர்றோம். ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்குப் போயிட்டா, பக்கத்துல படுக்கிறவருக்குப் போகாது, குழந்தையும் பெத்துக்கலாம். அந்தக் காலத்துல சிடி4 எண்ணிக்கை நல்லாக் குறைஞ்சாத்தான் மாத்திரைன்னு வச்சிருந்தாங்க. யார் தப்புன்னு சொல்றது."

"இவர் தப்பு," என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

கரூர் பஸ்ஸில் வேண்டுமென்றே தெரியாத ஒரு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பின்வாசலில் ஏறி, எனக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்தார். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "உங்க வீட்டுக்காரராம்மா? உங்களையே பாத்துட்டு வர்றாரு" என்றது. யாரென்றே தெரியாது என்றேன்.

நான்கு நாள் பேசவில்லை. சோறு வைப்பேன், வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அவரும் நல்ல பிள்ளை மாதிரி தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பட்டறைக்குப் போவார். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விரட்டியிருப்பேன் என்பது சத்தியம். விரட்டியிருந்தால் யாரோ ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு மாத்திரை இல்லாமல் அவர் ராஜா மாதிரி இருந்திருப்பார். நான் எங்கே இருந்திருப்பேன் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவர்மேல் கோபமாக இருக்கிறபோதே அவருக்குச் சளி பிடித்திருக்கிறதே, கசாயம் வைக்கலாமா என்று கை பரபரக்கிறது. என்ன ஜென்மம் என் ஜென்மம்!

நான்காம் நாள் மத்தியானம் மகிழினி ஓசூரிலிருந்து போன் செய்தாள்.

"படம் வந்துச்சாம்மா? என்ன சொன்னாங்க?"

"வந்துச்சுடி. ஒண்ணுமில்ல. ரெண்டு பேரோடதும் கலந்து கிடக்காம். ஊசி செஞ்சிடலாம்னுட்டாங்க."

"அப்பா ஏன் டல்லா இருக்கார்?"

"ஊசின்னா பயம் உங்கப்பாவுக்கு."

அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு விடுகிற நேரத்தில் இரண்டு பொய். வேர்க்கக்கூட இல்லை. உன்னைப் பெறுவதற்காகத்தான் உங்கப்பா தெரிந்தே இதை வாங்கிக்கொண்டார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பாரத்தை ஆயுசுக்கும் சுமப்பாள். அவள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் மறைத்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. சிறுநீரகத்தை இவரிடம் மறைத்தபோது கேட்டேனா? அதுவும் இல்லை. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் அந்த முப்பத்தொரு வயதுப் பையனும் இப்படித்தான் நின்றிருப்பான் என்று தோன்றியது. கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் இரண்டு தட்டாக வைத்தேன். "சாப்பிட வாங்க," என்றேன்.

அவர் கை கழுவின ஈரத்தோடு நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன, பூரண கும்பம் வச்சுக் கூப்பிடணுமா? உக்காருங்க. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. சண்டை தனியா நடக்கும்."

"எத்தனை நாள் நடக்கும்?"

"எனக்குத் தோணுற வரைக்கும். ரசம் ஊத்தவா?"

மறு மாதம் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முதல் ஊசி. ஊசி போட்ட மூன்றாம் நாள் காய்ச்சல் கொளுத்தியது. இருபது வருஷமாகப் பூஜ்யம் காட்டிய திரையில் எண் ஏறிக்கொண்டே போனது: ஆயிரம், பத்தாயிரம், லட்சம். தெரிந்தே எழுப்பிவிட்டிருந்தாலும் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உடம்பில் எதிர்ப்பே இருக்காது என்பதால் ஆளுக்கொரு கண்ணாடி அறை, நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். போன் பேச எனக்குத் தெம்பில்லை. அவர் நர்ஸிடம் மார்க்கர் வாங்கி, கண்ணாடியில் இடம் வலமாகத் திருப்பி எழுதுவார். பஸ் கண்ணாடியில் உள்ளேயிருந்து எழுதிப் பழகின கை. என் பக்கத்திலிருந்து படித்தால் சரியாக இருக்கும். முதல் நாள், "சாப்ட்டியா?" என்று வந்தது. மறுநாள், "இங்க இட்லியை வச்சு பஸ்ஸுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்று வந்தது. காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டின அன்றைக்கு, "போயிடாத" என்று மட்டும் எழுதியிருந்தார். எழுந்து போய் விரலால் அந்த எழுத்தைத் தொட்டேன். அழிக்க முடியவில்லை, அது அவர் பக்கத்தில் இருந்தது.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு எண் இறங்கியது. நாற்பதாம் நாள் வெளியே விட்டார்கள். டாக்டர் சொன்ன மாதிரியே எங்கள் உடம்பு எல்லா நோயையும் மறந்துபோயிருந்தது. மூன்று மாதம் கழித்து, தடுப்பூசிக்காகத் திருச்சியில் புதன்கிழமைக் கூட்டத்தில், கைக்குழந்தைகளோடு வந்த பெண்களுக்கு நடுவே நாங்களும் வரிசையில் நின்றோம். போலியோ சொட்டு போட அவர் வாயைத் திறந்ததும் ஒரு பெண் தன் குழந்தையிடம், "பாரு, தாத்தா அழாம போட்டுக்கிறாரு" என்று காட்டினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆறாம் மாதம் கடைசிச் சோதனை. இந்தத் தடவை டாக்டர் நஸ்ரின் டீயோடு பிஸ்கட்டும் வரவழைத்தார். ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார். இரண்டு காகிதத்திலும் தொற்று இல்லை என்று இருந்தது. என் மாத்திரையும் நின்றது. சிறுநீரகம் இருக்கிற நிலையிலேயே நிற்கிறது, இனி பயம் வேண்டாம் என்றார். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். அவர் தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் தடவை குடுத்ததை என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"கிழிச்சேன். பஸ் அமராவதிப் பாலத்துல போகும்போது ஜன்னல் வழியா விட்டுட்டேன்."

"இதையும் கிழிப்பீங்களா?"

"அய்யோ, இதை ஃப்ரேம் போடப்போறேன்."

"சரி. இப்போ உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. ஒளிக்கவும் ஒண்ணுமில்ல. இப்போ கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"மண்டபத்துல நீங்க பொய் ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டுக் கேட்டதை, இப்ப நெஜ ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டுக் கேளுங்க. இந்தத் தடவை எல்லாம் தெரிஞ்சு பதில் சொல்லுவேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நிறுத்தத்தில் காலேஜ் பெண்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, காகிதத்தை என் பக்கம் நீட்டி, "கோகிலவாணி, என்னைக் கட்டிக்கிறியா?" என்றார்.

நான் காகிதத்தை வாங்கினேன். செக்கிங் மேசையில் போர்வையைப் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பி ஒரு வரி விடாமல் படித்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

மனுஷர் முகம் தொங்கிவிட்டது. "என்ன புள்ள, இன்னுமா கோவம்?" என்றார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் எனக்குத் தெரியாமல் வைத்திருந்தவர்தானே, கரூர் பஸ் வருகிற வரைக்குமாவது அவருக்கும் தெரியாமல் இருக்கட்டும்.